பெரட்டுக்கு முன் சுட்ட ரொட்டி

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் காலைச் சாப்பாடு என்றால் ரொட்டிதான். கோதுமை மா, உப்பு, தண்ணீர், இருக்கிற நாளில் தேங்காய்ப்பூ. ஈஸ்ட் வேண்டாம், புளிக்கவிட வேண்டாம், தேய்க்க உருளைக்கட்டைகூட வேண்டாம். மாவில் தண்ணீர் விட்டதிலிருந்து அரை மணி நேரத்தில் முதல் ரொட்டி கல்லைவிட்டு இறங்கிவிடும். லயம் என்கிற வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவில் வளர்ந்து இன்று கொழும்பிலோ கோயம்புத்தூரிலோ குடியிருப்பவர்களுக்கு, எங்காவது தேங்காய்ப்பூ சூட்டில் லேசாகக் கருகுகிற வாசனை வந்தால் போதும். இஸ்தோப்பு என்கிற முன்திண்ணை ஓரத்து அடுப்பும், புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே ரொட்டி தட்டுகிற அம்மாவும் நினைவுக்கு வந்துவிடுவார்கள்.

இந்தத் தோட்டக் குடும்பங்களின் முன்னோர் ரொட்டி தின்று வளர்ந்தவர்கள் அல்லர். திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கமிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள். சோறும் கூழும் களியும் பழகியவர்கள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் பிடித்தது. காலப்போக்கில் மலை முழுக்கத் தேயிலையாயிற்று. ஆட்கள் அதே ஆட்கள், லயமும் அதே லயம். தோட்ட நிர்வாகம் அரிசி கொடுத்துவிட்டு அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. அந்த அரிசி பெரும்பாலும் கப்பலில் வந்ததுதான். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. பங்கீட்டில் அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. போர் முடிந்த பிறகும் மா திரும்பிப் போகவில்லை.

அது நிலைத்ததற்கு மலையும் ஒரு காரணம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் பத்துப் பாகைக்கும் கீழே இறங்கிவிடும். சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிரில் தோசை மா ஒரே இரவில் பொங்கி வராது. அடுப்பின் அருகில் வைத்தாலும், சாக்கைப் போட்டுப் போர்த்தினாலும், விடிந்து பார்த்தால் அரைத்தபடியே இருக்கும். சோறு வடிக்கலாமென்றால் அதுவும் தாமதம். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் அரிசி வேக நேரம் பிடிக்கும். ஊரில் ராத்திரியோடு ராத்திரியாகத் தானே நடந்த வேலையெல்லாம் மலையில் நடக்க மறுத்தது. ரொட்டிக்கு ராத்திரி தேவைப்படவில்லை.

காலையில் நேரமும் கிடையாது. முன்பெல்லாம் இருட்டோடு தப்புச் சத்தம் எழுப்பிவிடும். பின்னாளில் சங்கு ஊதினார்கள். பெரட்டுக் களத்தில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஆள்கணக்கு எடுப்பதற்குள் போய் நின்றாக வேண்டும். பிந்திப் போனால் திருப்பி அனுப்புவதும் உண்டு. அன்றைய பேர் விழாது, கூலியும் இல்லை. அதற்குள் பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட வேண்டும், பள்ளிக்கூடம் போகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும், மலைக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டும். இத்தனையும் ஒரு பெண்ணின் தலையில். ரொட்டியை யார் கண்டுபிடித்தார்களோ, இந்தக் காலையை மனத்தில் வைத்துக் கண்டுபிடித்ததுபோலத்தான் இருக்கிறது.

மா கொடுக்கிற நாள் லயத்தில் ஒரு சின்ன விசேஷம். அரிசியும் மாவும் கொடுக்கிற ஸ்டோருக்கு முன்னால் ஓலைப்பெட்டியும் தகரமும் தலையணை உறையுமாக வரிசை நிற்கும். குடும்பத்தில் எத்தனை பேருக்குப் பேர் பதிவு, போன மாதம் எத்தனை நாள் வேலை என்று பார்த்து நிறுத்துக் கொடுப்பார்கள். காசு கையில் மாறாது, செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் கழிந்துவிடும். வெள்ளை மா. தமிழ்நாட்டு வாசகர் இதைச் சப்பாத்திக்கு வாங்குகிற கோதுமை மாவு என்று நினைத்துவிடக் கூடாது. தவிடு நீக்கிய, மைதாவுக்கு மிக நெருங்கிய மா அது. அமெரிக்க உதவியாக வந்த காலத்தில் மூட்டையின் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் இருக்கும். மூட்டை நல்ல பருத்தித் துணி. மா தீர்ந்ததும் அதை அவித்துத் துவைத்துத் தலையணை உறை, சிறுபிள்ளைக்குச் சட்டை, பெண்பிள்ளைக்கு உள்பாவாடை என்று தைத்துக்கொள்வார்கள். எவ்வளவு துவைத்தாலும் அந்தக் கைகுலுக்கல் முழுசாகப் போகாது. குனிந்து நிமிர்கிற பிள்ளையின் முதுகில் அமெரிக்கா தெரியும் என்று கேலி செய்து சிரித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. பின்னர் 1980இல் திருகோணமலையில் பிரிமா ஆலை வந்தது. கோதுமையாகவே இறக்கி இங்கேயே அரைக்கத் தொடங்கினார்கள். மூட்டையின் பெயர் மாறியது. ரொட்டி மாறவில்லை.

மா பிசைவதில் வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் வேறு. பொதுவான கணக்கு, மாவின் எடையில் ஏறத்தாழப் பாதிக்குத் தண்ணீர். தேங்காய்ப்பூவின் ஈரத்தைப் பொறுத்து அதிலும் கொஞ்சம் குறையும். யாரும் அளந்து ஊற்றியதில்லை. குண்டானில் மாவைக் கொட்டி, நடுவில் குழி செய்து, உப்பைக் கரைத்த தண்ணீரைச் சிறுகச் சிறுக விடுவார்கள். குளிர் காலையில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் விரல் விறைத்துப்போய்ப் பிசைய வராது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் இந்த வேலை அவளுடையது. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்: “மா கையில ஒட்டுதாடி?” ஒட்டினால் இன்னும் ஒரு பிடி மா. வெடித்தால் ஒரு கை தண்ணீர். பிசைந்ததும் ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, சம்பல் அரைக்கப் போய்விடுவார்கள்.

இந்தச் சின்ன ஓய்வு தற்செயலாக அமைந்ததுபோலத் தெரிந்தாலும் வேலை அதில்தான் நடக்கிறது. கோதுமையில் குளுட்டனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டுப் பிசையும்போது அவை பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற இழுவையான வலையாகின்றன. பிசைந்த கையோடு தட்டினால் அந்த வலை விறைப்பாக இருந்து, தட்டத் தட்டச் சுருங்கும். கால் மணி நேரம் விட்டால் தளர்ந்து, சொன்னபடி விரியும். லயத்தில் இதை மா “ஊறுவது” என்பார்கள். பிந்திப் போன காலையில் ஊறவிடாமல் சுட்ட ரொட்டியைப் பிள்ளைகள் வாயில் வைத்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தேங்காய் சேர்ந்தால் கதை வேறு. தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அது மாவின் துகள்களின் மேல் படிவதால் குளூட்டன் நீளமாகப் பின்னிக்கொள்ள முடியாது. துருவலும் இடையிடையே புகுந்து வலையை அறுக்கிறது. அதனால் தேங்காய் ரொட்டி பிய்த்தால் பொலபொலவென்று உடையும். ஆறினாலும் மெல்ல முடியும். தேங்காய் இல்லாத ரொட்டி சூட்டில் நன்றாகத்தான் இருக்கும், ஆறியபின் தோல்போல இழுக்கும்.

ஆனால் மலையில் தென்னை கிடையாது. தேங்காய் குருநாகல், சிலாபம் பக்கத்திலிருந்து லாரி ஏறி வர வேண்டும். கடையில் விலை கொடுத்து வாங்க வேண்டும். ஆகவே ஒரு வீட்டின் ரொட்டியைப் பிய்த்துப் பார்த்தே மாதத்தில் எந்த வாரம் என்று சொல்லிவிடலாம். சம்பளம் போட்ட வாரத்தில் வெள்ளைத் துருவல் மாவுக்குச் சமமாகத் தெரியும். அடுத்த வாரம் அங்கொன்றும் இங்கொன்றும். அதற்கடுத்து, கறிக்குப் பால் பிழிந்த சக்கை. அதைக் கொட்டிவிடாமல் ரொட்டிக்கென்று எடுத்து வைப்பார்கள்; கொழுப்பு போயிருந்தாலும் மாவை உடைக்கிற வேலையை அது செய்யும். மாதக் கடைசியில் மா, உப்பு, தண்ணீர் மட்டும். புது மருமகள் கை தாராளமாகத் துருவினால் மாமியார் திண்ணையிலிருந்தே சொல்வாள்: “பாத்துப் போடு புள்ள, அந்த ஒரு மூடி இன்னம் ரெண்டு நாளைக்கி வரணும்.”

சுடுவதற்கு மிலாறு. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற கிளைகளைத்தான் அப்படிச் சொல்வார்கள். கவ்வாத்து நடக்கிற மலையிலிருந்து மாலையில் பெண்கள் தலைச்சுமையாகக் கட்டிக்கொண்டு வந்து இஸ்தோப்பில் அடுக்கிக் காயவைப்பார்கள். காய்ந்த மிலாறு சுருக்காகப் பற்றி, சூடாக எரிந்து, நல்ல தணலாக விழும். ரொட்டிக்கு வேண்டியது அதுதான்: முதலில் கல்லைச் சூடாக்கச் சுவாலை, பிறகு சீராகத் தணல். மழைக்காலத்தில் மிலாறு நனைந்துவிட்டால் வீடே புகைக்குள் போய்விடும். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் புகைபோக்கி எங்கே? சுவரும் கூரைத் தகரமும் கறுத்து, கரி வெள்ளரிப்பிஞ்சு பருமனில் தொங்கும். இந்தப் புகையை நினைவின் இனிமைக்குள் சேர்த்துவிடக் கூடாது. பல அம்மாயிகளின் இருமலுக்கும் நீர் வடிகிற கண்ணுக்கும் அதில் பங்குண்டு.

ரொட்டியைத் தட்டுவது கையாலேயே. எலுமிச்சைக்கும் பெரிய உருண்டையை உள்ளங்கையில் வைத்து, இன்னொரு கையால் தட்டித் தட்டிச் சுற்றிவிட்டால் வட்டமாக வரும். மெல்லிசாகத் தட்டினால் காய்ந்துவிடும். அரை விரற்கடைத் தடிப்பு சரி. இரும்புக் கல்லில் எண்ணெய் விடமாட்டார்கள். கல் பதம் வந்ததா என்று பார்க்க ஒரு சிட்டிகை மாவைத் தூவுவார்கள். உடனே கறுத்தால் சூடு அதிகம், மெல்லச் சிவந்தால் போடலாம். ஒரு பக்கம் நிறம் மாறியதும் திருப்பி, விளிம்பைத் துணியால் அழுத்திக்கொடுப்பார்கள். வேகாமல் நிற்பது எப்போதும் விளிம்புதான். கடைசியில் கல்லை நகர்த்திவிட்டுத் தணலின் மேல் நேராக ஒரு சுற்று. உள்ளே மிச்சமிருக்கிற ஈரம் நீராவியாகி மாவைத் தள்ளும். தண்ணீர் ஆவியாகும்போது தன் அளவைப்போல ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. ஈஸ்ட் இரண்டு மணி நேரத்தில் செய்கிற வேலையை அது தன்னாலான அளவு இரண்டு நிமிடத்தில் செய்கிறது. தேங்காய் இல்லாத ரொட்டி இந்தக் கட்டத்தில் உப்பிக்கொண்டு எழும்பும். தேங்காய் ரொட்டி உப்பாது. அங்கங்கே கறுப்புப் புள்ளி விழும். வாசனை வருவது அந்தப் புள்ளிகளிலிருந்து.

தொட்டுக்கொள்ளச் சம்பல். காய்ந்த கொச்சிக்காய் (மிளகாய்), உப்பு, சின்ன வெங்காயம் மூன்றையும் அம்மியில் வைத்து இழுத்தால் கட்டச்சம்பல் ஆயிற்று. கையில் காசிருந்தால் மாசிக் கருவாட்டுத் துண்டு ஒன்று, தேசிக்காய்ப் புளி நாலு சொட்டு. தேங்காய்ச் சம்பலும் உண்டு, ஆனால் ஒரே தேங்காயை ரொட்டிக்கும் சம்பலுக்கும் பங்கிட வேண்டியிருந்தால் பெரும்பாலும் ரொட்டிதான் ஜெயிக்கும். கூடவே சாயத் தண்ணி. உலகத்துக்கு நல்ல தேயிலை அனுப்புகிற தோட்டத்தில் லயத்துக்கு வந்தது தூசித் தூள்தான். அதையும் கொதிக்கக் கொதிக்கப் போட்டு, சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்பார்கள்.

மலைக்குக் கொண்டுபோகிற ரொட்டியைத் துணியில் சுற்றி, அந்தத் துணியை இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்குக்குள் செருகிக்கொள்வார்கள். தேத்தண்ணி போத்தலில். பத்து மணியளவில் கொழுந்து நிறுக்கும் வேளையில், கூடையை இறக்கிவிட்டுப் பாறை ஓரமாகவோ பீலிக்கரையிலோ உட்காருவார்கள். கொழுந்து பறித்த விரல்களில் சாறு காய்ந்து கறுத்திருக்கும். கையைக் கழுவினாலும் கறை போகாது. பிய்க்கிற ரொட்டியின் வெள்ளையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பழுப்பாகப் பதியும். முதல் வாயில் தேயிலைத் துவர்ப்பு, அதற்குப் பிறகுதான் சம்பலின் காரம். அட்டை கடித்த காலில் தேய்க்க உப்பும் அதே துணியின் மூலையில் முடிந்திருக்கும். ஒருத்தி ரொட்டியில் தேங்காய் இருந்தால் பக்கத்து நிரைக்காரிக்கு ஒரு துண்டு போகும். அவள் சம்பலில் மாசி இருந்தால் அது இந்தப் பக்கம் வரும். யார் வீட்டில் என்ன நிலை என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிற இடமும் அதுதான். வெறுங்கையோடு வந்தவள் தனக்குப் பசியில்லை என்று சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்த வெறுங்கைகள் பெருகிய காலம் 1973, 1974. நாடு முழுவதும் மாவும் சீனியும் பங்கீட்டில் சுருங்கின, விலை ஏறியது. காணியில்லாத தோட்ட மக்களுக்கு அடி மிகப் பலமாக விழுந்தது. தோட்டங்களில் இறப்பு விகிதம் உயர்ந்ததை அரசின் கணக்குகளே காட்டின. மாவைக் கூட்டுவதற்கு மரவள்ளியைத் துருவிப் போட்டுத் தட்டினார்கள். அது சேராமல் கல்லிலேயே பிளந்து போகும். கிடைத்த ஒரு ரொட்டியை நாலாகக் கிழித்து, பெரிய துண்டு வேலைக்குப் போகிறவருக்கு என்று ஒதுக்குவது அந்த ஆண்டுகளில் எழுதாத சட்டம். அதில் பெண் தன்னை வேலைக்குப் போகிறவராகக் கணக்கிட்டுக்கொண்டது குறைவு.

அதே ஆண்டுகளில் லயங்கள் காலியாகிக்கொண்டும் இருந்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைத் தாண்டி, பலர் நீலகிரிக்குப் போனார்கள். அங்கே 1968இல் இவர்களுக்கென்றே அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியிருந்தது. மூட்டை முடிச்சோடு ரொட்டிக்கல்லும் போனது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அக்கம்பக்கத்தார் தோசை சுட்ட காலையில் இவர்கள் மைதாவில் தேங்காய் சேர்த்துத் தட்டினார்கள். ஆட்டாவில் தட்டிப் பார்த்தவர்களுக்கு அது சப்பாத்தியாகவும் இல்லை, ரொட்டியாகவும் இல்லை.

மலையகத்து ரொட்டியில் சோடா சேர்க்கும் பழக்கம் பிந்தித்தான் வந்தது. அயர்லாந்தில் வீட்டு ரொட்டியே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து சோடாவால் எழும்புவது. அங்கே மாவில் மோர் ஊற்றுவார்கள். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து கரியமில வாயு கிளம்பி மாவை ஊதிவிடும். மலையகத்தில் அப்பச்சோடாவை வெறும் தண்ணீரில் போட்டார்கள். புளிப்பு இல்லாத இடத்தில் சோடா முழுதாக வேலை செய்யாது. மிச்சம் நின்று ரொட்டியை மஞ்சளாக்கி, நாக்கில் காரமாகக் கசக்கும். கடைக்காரர்கள் ரொட்டி பருமனாகத் தெரிய வேண்டும் என்று சேர்த்தார்கள். அப்பாயிகள் ஒரு வாய் கடித்துவிட்டுத் தட்டை நகர்த்தியதைக் குற்றம் சொல்ல முடியாது. சீனி போட்ட இனிப்பு ரொட்டி, வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் அரிந்து பிசைந்த ரொட்டி, குரக்கன் (கேழ்வரகு) மா கலந்த ரொட்டி ஆகியவை ஞாயிற்றுக்கிழமைக்கானவை.

பாண் என்கிற பேக்கரி ரொட்டி அந்நாளில் நகரத்தில்தான் கிடைக்கும். காய்ச்சல்காரருக்குப் பாணும் பால்தேத்தண்ணியும் என்பதால், பாண் தின்ன ஆசைப்பட்டுக் காய்ச்சல் என்று படுத்துக்கொண்ட பிள்ளைகள் எல்லா லயத்திலும் உண்டு. இப்போது முச்சக்கர வண்டி பேத்தோவனின் மெட்டைப் பாடிக்கொண்டு பாணையும் பனிஸையும் லயத்து வாசலுக்கே கொண்டுவருகிறது. வாலிபர்கள் டவுனில் கொத்து ரொட்டி சாப்பிடுகிறார்கள். பல வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. அதில் தணலில் வாட்டுகிற வேலை இல்லை, ஒட்டாத தட்டில் இரண்டு பக்கமும் ஒரே நிறமாக வருகிறது. வெள்ளை மாவைக் குறைக்கச் சொல்லித் தோட்டத்துச் சர்க்கரை நோயாளிகளிடம் மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். அதனால் குரக்கன் ரொட்டி ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டி வந்துவிட்டது.

மாவின் மேல் எவ்வளவு பாரம் நிற்கிறது என்பது 2022இன் பொருளாதார நெருக்கடியில் மறுபடி தெரிந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில், தோட்டக் குடும்பங்களுக்கு மாதம் 15 கிலோ மா, கிலோ 80 ரூபாய்க்குத் தருவதாக அரசு அறிவித்தது. ஆண்டு முடிவதற்குள் வெளிக்கடையில் ஒரு கிலோ 400 ரூபாய்வரை போனது. நாட்கூலி அப்போது 1,000 ரூபாய். எரிவாயுவும் கிடைக்காத அந்த மாதங்களில் மிலாறு மறுபடி தலைச்சுமையாக இறங்கி வந்தது. பரணில் கிடந்த இரும்புக் கல்லைத் துரு போகத் தேய்த்து எடுத்தார்கள். கல் பதமாகும்வரை முதல் இரண்டு ரொட்டி ஒட்டிக்கொண்டு கிழியும். அதை நாய்க்குப் போடுகிற நிலையில் அந்த ஆண்டு யாரும் இல்லை.